ரத்தம் எடுப்பவள் படித்த காட்டேரிக் கதை

பதினொரு வருடமாக அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள். சிவப்பைப் பார்த்து அவளுக்கு எதுவும் தோன்றாமல் போய் வெகுகாலம் ஆகிறது. அண்ணன் மகள் விட்டுப்போன காட்டேரிப் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டேதான் பையில் போட்டாள். "மாங்கா இல்ல அத்தை, மங்கா. ஜப்பான் படக்கதை. வலது பக்கத்திலிருந்து படிக்கணும்" என்று அந்தப் பெண் பாடம் எடுத்திருந்தாள்.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் விரித்தாள். செத்துப்போன கணவன் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று மனைவியைக் கேட்கிறான். அவள் சரி என்றால்தான் அவனால் படி தாண்ட முடியும். நாலு பக்கத்துக்கு ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கதவு, தாழ்ப்பாள், அதை நோக்கிக் கட்டத்துக்குக் கட்டம் நகரும் ஒரு விரல். சினிமா என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம், அது பாட்டுக்கு ஓடிவிடும். இதுவோ அவள் புரட்டும்வரை அப்படியே காத்திருந்தது. புரட்டினாள்.

பக்கம் முழுக்க அவன் முகம். பாசமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வரலாமா?"

குரல் அறைக்கு வெளியேயிருந்து வந்தது. கதவின் மங்கல் கண்ணாடியில் ஒரு உருவம் அசையாமல் நின்றது. "வேணாம்" என்றாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. உருவம் கைப்பிடியைத் தொட்டது. அவள் சுவரோடு சுவராக ஒட்டினாள்.

"மாசாமாசம் வர்றவன்தாம்மா. சர்க்கரை டெஸ்டுக்கு."

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். அவரை உட்காரவைத்துக் கையில் பட்டையைக் கட்டினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஊசி நரம்பைத் தவறவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். அவள் புத்தகத்தைக் காட்டினாள். ரெண்டு பக்கம் பார்த்தவர் மூடிவைத்துவிட்டு, ரத்தம் நாளைக்குக் கொடுப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மேஜைமேல் பஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைக் குப்பையில் போட அவள் இடுக்கியைத் தேடினாள். பிறகு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, காலை மேலே மடக்கிக்கொண்டு மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து அண்ணன் மகளுக்குப் போன் செய்தாள். "அந்தப் பைத்தியக்காரி கதவைத் தொறக்காம இருந்திருக்கலாம்ல?"

"நீங்க மட்டும் ஏன் அத்தை பக்கத்தைப் புரட்டுனீங்க?"

அவள் ரெண்டாம் பாகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.