திரும்பிப் பார்த்த அன்னம்

லேடாங் மலையின் நெற்றியில் மாலை முகில்கள் பஞ்சுப் பொதிகளென வந்து சாய்ந்து, தம் நிழலைச் சரிவின் வழியே மெல்ல நழுவவிட, அந்நிழல் எண்ணெய் தரும் செம்பனைக் காடுகளைக் கடந்து, பால்மரமெனும் ரப்பர்த் தோப்புகளைத் தடவி, தங்காக் நகரின் துணிக்கடைத் தெருவை வந்தடையும் வேளை அது. மழை இன்னும் இறங்கவில்லை. அதன் மணம் மட்டும் முன்னே வந்து, கடை முகப்புகளில் தொங்கிய பட்டுகளையும் பருத்திகளையும் ஒவ்வொன்றாய்த் தொட்டு அசைத்துக்கொண்டிருந்தது. படிப்பவரே, அத்தெருவின் கடைக்கோடியில், மாடியறைச் சாளரத்தின் ஓரத்தில், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மாதுளை நிறப் பட்டின் மேல் குனிந்திருந்தாளே ஒருத்தி, அவள்தான் ஷாமளா. கோயில் தூண்களிலும் அடித்தளங்களிலும் கல்லாய் உறைந்து நிற்கும் கொடிகளையும் பறவைகளையும் நூலுக்கு மாற்றிச் சேலைக் கரைகளில் ஓடவிடுவது அவள் தொழில்.

அந்தப் பட்டு, அவள் தோழி கஸ்தூரியின் திருமணச் சேலை. பெக்கோக்கில் பாலர் பள்ளி ஆசிரியையாய் இருந்த கஸ்தூரி, கணவன் மனோகரனை நோய்க்குப் பறிகொடுத்து, நெடுநாள் தனித்திருந்து, நாற்பதைக் கடந்தபின், செம்பனை ஆலையில் பொறிகளைப் பழுதுபார்க்கும் கனகராஜை மணக்க இசைந்திருந்தாள்.

“எங்க ஊரு முருகன் கோயில்லதான் தாலி கட்டுறோம். மண்டபத்து அடியில வரிசையா அன்னம் போவுமே, அத அப்படியே கரையில போட்டுக் குடு ஷாமளா,” என்று அவள் கேட்டிருந்தாள்.

அதற்காகவே ஷாமளா ஒரு காலைப் பொழுதில் பெக்கோக் சென்று, மண்டபத்தின் அடித்தளத்தருகே தரையில் அமர்ந்து, கல்லின் மேல் மெல்லிய தாளை விரித்துக் கரித்துண்டால் தேய்த்தாள். பனிக்குள்ளிருந்து படகுகள் தோன்றுவதுபோல, வெண்தாளில் அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து வந்தன. ஒவ்வொன்றின் அலகிலும் தாமரைத் தண்டு. எல்லாம் கருவறை நோக்கியே நடந்தன. ஆனால் வரிசையின் நடுவே ஓர் அன்னம் மட்டும், கால் முன்னே எடுத்து வைத்தபடியே கழுத்தை வளைத்துப் பின்னே பார்த்தது. கல்தச்சன் களைப்பில் செய்த பிழையோ, களிப்பில் செய்த விளையாட்டோ, அறிவார் எவருமில்லை. அதைக் கண்ட கணத்தில் ஷாமளாவுக்குத் தன் பெயரைச் சொல்லி யாரோ தொலைவிலிருந்து அழைத்தாற்போல் இருந்தது.

கல்லில் உள்ளதைத் துணியில் கொணர்வது எளிதன்று. கல்லுக்கு ஒளியும் நிழலும் துணை நிற்கும். துணிக்கு அந்தத் துணை இல்லை. ஆகவே நிழல் விழும் இடங்களுக்குப் பழுப்புப் பொன்னிழையும், வெயில் விழும் இடங்களுக்கு வெளிர் பொன்னிழையும் தேர்ந்தாள். நெருங்கிச் செதுக்கிய இறகுகளை மூன்றே கோடுகளாய்க் குறைத்தாள். வரைந்த தாளில் ஊசியால் புள்ளிகள் குத்தி, வெண்பொடி தேய்த்துப் பட்டில் பதித்து, அப்புள்ளிகளைப் பற்றிக்கொண்டு நூலோட்டினாள். கனவில் நடப்பவள்போல் அவள் தைத்து முடித்தபோது, மாதுளைச் செம்மையின் மேல் அன்னங்கள் அந்திநீரில் நீந்துவன போலாயின.

கனகராஜின் தமக்கை ராசம்மா, கஸ்தூரியோடு சேலையைப் பார்க்க வந்தாள். பெற்றோரை இழந்த தம்பியைத் தாயாய் நின்று வளர்த்தவள் அவள். கரையைத் தடவி மகிழ்ந்து வந்த விரல், நடு அன்னத்தில் நின்றது.

“அலமாக்! என்னாம்மா இது? எல்லாம் முன்னால போவுது, இது மட்டும் திரும்பிப் பாக்குது?”

“கோயில் கல்லுல அப்படித்தாங்க்கா இருக்கு.”

“கல்லுல இருந்தா இருக்கட்டும்லா. ஏற்கெனவே ஒருத்தரோட வாழ்ந்த பொண்ணு இவ. கல்யாணத்தன்னிக்குப் பின்னால பாக்குற பறவையக் கட்டிக்கிட்டு வந்தா எனக்குப் பயமா இருக்காதா? முன்ன என் தம்பிக்குப் பேசி முடிச்ச பொண்ணு, பழைய ஆளுகிட்டயே திரும்பிப் போயிட்டா. அவன் ஒத்தையா நின்னதப் பாத்தவ நான்.”

அச்சொற்களில் சினத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. அருகில் நின்ற கஸ்தூரி ஒன்றும் உரையாமல் சாளரத்துக்கு வெளியே மழையைப் பார்த்தாள். அந்த அமைதியை இசைவென்றே கொண்டாள் ஷாமளா. அவர்கள் சென்றபின், நூலை மெல்ல அறுத்துப் பிரித்து, அன்னத்தின் கழுத்தை மற்றவை போல் முன்னோக்கித் தைத்தாள். எனினும், படிப்பவரே, பட்டு மறப்பதில்லை. பழைய கழுத்து வளைந்திருந்த வழியெங்கும் ஊசித் துளைகள், விடியலில் மங்கும் விண்மீன்களென, மெல்லிய கோடாய் எஞ்சி நின்றன. நீவிப் பார்த்தாள், நீராவி காட்டிப் பார்த்தாள், அவை மறையவில்லை.

திருமணத்துக்குச் சின்னாள் முன்னர், சேலையைப் பெற்றுச் செல்லக் கஸ்தூரியும் கனகராஜும் வந்தனர். கரையைப் பிரித்துப் பார்த்த கஸ்தூரியின் விரல், எவரும் காட்டாமலே அந்தத் துளைகளில் சென்று நின்றது.

“எடுத்துட்டியா?”

“நீ ஒன்னும் சொல்லலியே, கஸ்தூரி. சரின்னுதான் நெனச்சேன்.”

“சொல்லப் பயமா இருந்துச்சு.” அவள் கண்கள் நிறைந்தன. கனகராஜை ஏறிட்டு நோக்கினாள். “உங்ககிட்ட மறைக்க விரும்பலங்க. நான் அவர நெனைக்கத்தான் செய்வேன். உங்க கூட வர முழு மனசா இருக்கேன். ஆனா அவர மறந்துட்டேன்னு பொய் சொல்லிட்டு வர முடியாது.”

கனகராஜின் முகத்தில் ஒரு வலி தோன்றிக் கடந்ததை ஷாமளா கண்டாள். பொறிகளோடு பழகிக் காய்ப்பேறிய தன் விரலால் அத்துளைகளை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் சொன்னார்:

“மறந்துட்டு வான்னு நான் எப்பவாச்சும் கேட்டனா? அத்தன வருசம் ஒருத்தர நேசிச்ச மனச நம்பித்தானே நான் உன்னக் கேட்டேன். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.” பின் ஷாமளாவை நோக்கி, “கல்லுல இருந்த மாதிரியே தச்சிருங்க,” என்றார்.

ஷாமளா மீண்டும் நூலைப் பிரித்தாள். இம்முறை புள்ளியும் வேண்டவில்லை, பொடியும் வேண்டவில்லை. பழைய துளைகளே வழிகாட்ட, ஊசி தான் அறிந்த பாதையில் தானே சென்றது.

திருமண நாளில் பெக்கோக் கோயில் மணிகள் ஒலிக்க, மல்லிகையும் சந்தனமும் காற்றில் கலந்து மிதந்தன. மணமகளின் கொசுவத்தைத் திருத்தக் குனிந்த ராசம்மாவின் கை, கரையில் திரும்பி நின்ற அன்னத்தின் மேல் ஒரு கணம் தயங்கியது. அவள் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் இதுவரை காணாத தெளிவைக் கண்டாள் போலும். மீண்டும் குனிந்து, மடிப்பை நீவி, அந்த அன்னம் மறையாமல் வெளியே தெரியும்படி முன்மடிப்பில் வைத்துவிட்டு, “நட தாயி, நேரமாவுது,” என்றாள்.

கஸ்தூரி கனகராஜின் கைபற்றித் தீயை வலம்வந்தாள். இழந்ததை நெஞ்சில் ஏந்தியவர் அதே நெஞ்சோடு இன்னொரு வாழ்வுக்குள் நுழைவது இரண்டகமாகாது. அன்பின் அகலம் அத்தகையது. ஓமப்புகை கனவெனச் சூழ, கரை அசைந்தது, அன்னங்கள் நடந்தன, திரும்பிப் பார்த்த அன்னமும், அவள் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியோடும், முன்னேதான் சென்றது.