மைத்துனி திட்டிக் கொடுத்த நாவல்

"நான் பரிந்துரைச்சா பிணம்கூட எழுந்து உட்கார்ந்து படிக்கும், அத்தான்!" என்றாள் நூலகரம்மா.

நூலகத் தலைவரான அத்தானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசகர்களுக்குப் புத்தகம் பரிந்துரைக்க மைத்துனி வாராவாரம் நடத்தும் 'என்ன படிக்கலாம்?' நிகழ்ச்சிக்கு ஈ, காக்கைகூட வருவதில்லை. அதை இழுத்து மூடத்தான் அன்று வந்திருந்தார்.

"அளக்காதே. எனக்கு ஒண்ணு கொடு, பார்ப்போம்."

தலையணை கனத்தில் ஒரு நாவலை எடுத்தவள், உடனே அதை அலமாரியில் திரும்பச் செருகினாள். "வேண்டாம். முதல் அத்தியாயத்திலேயே குறட்டை விடுவீங்க. உங்க மூளைக்குப் படப் புத்தகமே ஜாஸ்தி."

அவர் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரவு நூலகத்தைப் பூட்ட வந்த காவலாளியிடம், "தொந்தரவு பண்ணாதேய்யா!" என்று அவர் போட்ட கத்தலில் தெருவிளக்கே ஒருமுறை அணைந்து எரிந்தது.

"நிகழ்ச்சியை மூடிடலாமா அத்தான்?"

"முதல்ல உன் வாயை மூடு," என்று பக்கத்தைப் புரட்டியபடியே உறுமினார். "அடுத்த வாரமும் நடத்தித் தொலை. ஒத்துக்கறேன், என்னையே படிக்க வச்சுட்டே."