கைப்பிடிக் கிளிக்கு ஏற்ற மரம்

அந்தப் பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மரம் கணவன் பாடு, உளி மனைவி பாடு. எந்த வேலைக்கு எந்த மரம் என்பதை அவர் சொல்வார். அதில் கொடியோ பூவோ பறவையோ செதுக்குவதை அவள் பார்த்துக்கொள்வாள். ஒருவர் வேலையில் மற்றவர் வாய் திறப்பதில்லை. வீட்டில் உப்புக் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால்கூடச் சண்டை போட்டுத் தெருவைக் கூட்டுகிற ஜோடிதான். பட்டறைக்குள் மட்டும் பதினாறு வருடமாக இந்த விஷயத்தில் அப்படி ஓர் ஒற்றுமை.

மரவாடிகளில் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். ஒரு சீவலை முகர்ந்தால் போதும், வேம்பா, வாகையா, தேக்கா என்று சொல்லிவிடுவார். அதில் மனுஷனுக்குப் பெருமை தாங்காது. அவளுக்கும்தான். ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், காட்டினால் அவரைப் பிடிக்க முடியாது.

இந்த மூக்குக்காரர்தான் ஒரு ஹோட்டலில் போய்ச் சறுக்கினார்.

அங்கே படிக்கட்டு தொடங்கும் இடத்தில், கைப்பிடியின் இரு பக்கமும் இரண்டு தூண்கள். வலப்பக்கத் தூணின் உச்சியில் ஒரு மரக்கிளி. இடப்பக்கத்துக் கிளி எப்போதோ உடைந்து காணாமல் போயிருந்தது. அதே மாதிரி ஒன்று செய்துதர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார் ஹோட்டல் முதலாளியம்மா. பார்க்கப் போனவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "எங்க தாத்தா ஆசையா செய்யவெச்சது, விலை உசந்த ஈட்டி மரம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அந்த உபசாரத்துக்குப் பிறகு எதையும் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? கறுப்பாகப் பளபளத்த தூணைத் தட்டிப் பார்த்து, "அசல் ஈட்டி" என்று சொல்லிவிட்டு வந்தார். சுரண்டவில்லை, முகரவில்லை. மறு வாரமே அருமையான ஈட்டிக் கட்டை ஒன்று பட்டறைக்கு வந்து இறங்கியது.

அளவெடுக்க அவள் போனாள். அவரும் கூடப் போய், முதலாளியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். உடைந்த இடத்தையும் விடாமல் யாரோ பாலிஷைத் தடவி மூடியிருந்தார்கள். கிளியைப் பொருத்தும் முளையின் கனம் தெரிய வேண்டுமே என்று கத்தி முனையால் லேசாகச் சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. தன் கண்ணில்தான் கோளாறோ என்று இன்னொரு பக்கமும் சுரண்டினாள். அங்கேயும் மஞ்சள். சந்தேகமே இல்லை, பலா.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பேசாமல் ஈட்டியிலேயே செதுக்கி, பாலிஷ் அடித்து நிறுத்திவிடலாம். இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. வாய் திறந்தால் அவர் பெயர் சந்தி சிரிக்கும். மரவாடிக்காரர்கள் வருடக்கணக்கில் இதையே சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். எதிரே இருந்த கிளியை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து இறகுகள் ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் விழுந்திருந்தன. வளைந்த அலகு உடையாமல் இருக்க, மரத்தின் ரேகை அலகோடு ஓடுகிற மாதிரி கட்டையைத் திருப்பிப் பிடித்துச் செதுக்கியிருந்தான் அந்தப் புண்ணியவான். இவ்வளவு யோசித்த கைக்குப் பக்கத்தில் பொய்யைக் கொண்டுபோய் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இப்படி வாங்களேன்."

வந்தார். கூடவே முதலாளியம்மாவும் வந்தார்.

"இது ஈட்டி இல்லைங்க, பலா" என்று அவள் முணுமுணுத்தது முதலாளியம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சார் இது? அன்னைக்கு அசல் ஈட்டின்னீங்க. உங்க வீட்டம்மா வேற மாதிரி சொல்றாங்க. எது சரி?"

கேள்வி அவருக்குத்தான். முதலாளியம்மா அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'நான்தான் சரியாப் பார்க்கலை போல' என்ற வார்த்தை அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

மூக்குக்காரர் முழங்காலை மடக்கிக் குனிந்து தானே சுரண்டினார். தூளை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சிவந்தது. வரவேற்பு மேஜையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பலாதாங்க. தப்பு என்மேல. பாலிஷைப் பார்த்துட்டு மரத்தைப் பார்த்ததா சொல்லிட்டேன்."

முதலாளியம்மாவின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ தாத்தா ஏதோ மட்டமான மரத்தைப் போட்டுட்டுப் போயிட்டாரா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மட்டமா? அந்தக் கிளியைத் தொட்டுப் பாருங்கம்மா. விலையைப் பார்த்து எடுத்த மரமில்ல இது, உளிக்கு இணங்கி வருமான்னு பார்த்து எடுத்தது. நாளாக ஆகத் தேன் நிறம் ஏறும். நீங்கதான் கறுப்பைப் பூசி மூடி வெச்சிருக்கீங்க."

முதலாளியம்மா கிளியின் அலகைத் தடவினார். பிறகு கழுத்தை. கை அங்கேயே நின்றது.

"சரி சார், புதுக் கிளிக்கு இப்ப என்ன மரம் போடலாம்?"

"என்னைக் கேட்காதீங்க" என்றார் மூக்குக்காரர். "எங்க பட்டறையில செதுக்குறது எல்லாமே இவங்கதான். இந்த மரத்தைக் கண்டுபிடிச்சதும் இவங்கதான். அவங்ககிட்டயே கேளுங்க."

பதினாறு வருடத்தில் அவர் வாயில் அவள் 'இவ'தான், 'அவ'தான். வெளியாள் முன்னால் 'இவங்க' என்றது இதுதான் முதல் தடவை. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா."

"பலாதான் வேணும்மா. வருஷக்கணக்கா நிழல்ல காய்ஞ்ச கட்டை" என்றாள். "மரவாடிக்கு நானே போய்ப் பார்த்து எடுக்கறேன்."