பழி சேராத நிறம்

கம்பு இரண்டு தோள்களுக்கு நடுவே வளைந்து வருகிறது, நடுவில் தொங்குவது ஆடுகிறது, கரட்டு மலையின் சரிவில் ஆட்கள் கால் பதித்து இறங்க இறங்க அது ஒரு பக்கம் சாய்ந்து பிறகு மெல்ல மறுபக்கம் வருகிறது, நான் கண்மாய்க் கரையில் கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், சாயங்கால வெயில் நேரே கண்ணில் விழுகிறது, தொங்குவதன் நிறம் மட்டும்தான் தெரிகிறது, மண்ணிலும் சேராத கறுப்பிலும் சேராத அந்தக் காப்பி நிறம், அது பன்றியின் நிறம், நேற்று வரைக்கும் நான் மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் நிறமும் அதுதான், காட்டிலாகாவுக்குப் பயந்து இப்போதெல்லாம் பன்றியைக்கூட நனைந்த சாக்கில் சுற்றித்தான் கொண்டுவருகிறார்கள், நனைந்த சாக்கும் அதே நிறம்தான், அதனால் கால் தெரியவில்லை, குளம்பா பாதமா என்று சொல்ல முடியவில்லை, சுற்றிலும் தலைகளில் கட்டிய சிவப்புத் துண்டுகள் புதருக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கின்றன, அதில் என் வீட்டுக்காரருடைய தலை எது என்று இன்னும் பிடிபடவில்லை.

இதே கரையில்தான் அன்றைக்கும் நின்றேன், பாவாடை கட்டிய வயசு, கையில் கறி வாங்கும் தூக்குச்சட்டி, மலையிலிருந்து கம்பு இறங்கியதும் பன்னி பன்னி என்று கத்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினேன், யாரும் என்னைத் தடுக்கவில்லை, தடுக்க அவர்களுக்கு வாய் வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது, கிட்டப் போனபோது போர்வைக்கு வெளியே அப்பாவின் கால் தெரிந்தது, டயர் செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. காட்டு முள்ளில் மாட்டி அவருடைய தலைத்துண்டு அவிழ்ந்து போயிருந்ததாம், அவர் திரும்பிப் போய் எடுக்காமல் நடந்துவிட்டாராம், அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருடைய வெடி என்று அம்மாகூடக் கேட்கவில்லை, கேட்கக்கூடாது, எங்கள் ஊர் மாசி வேட்டையில் அப்படி ஒரு கட்டு உண்டு, சிவப்புத் துண்டு கட்டியவன்தான் மனுசன், துண்டில்லாத தலைமேல் பட்ட வெடிக்குப் பழி கிடையாது, சுட்டவன் பேர் வெளியே வராது, அவனும் சாவுக்கு வந்து மற்றவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவான். அப்போது மீசைகூட முளைக்காத என் அண்ணன் சோலைமலை மூலையில் சாய்த்திருந்த அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான், அழுதானா என்று எனக்கு நினைவில்லை, எண்ணெய் வாடை மட்டும் இருக்கிறது, அது இப்போதும் காற்றில் வருகிறதா, இல்லை, கண்மாய்ச் சேறு.

கம்பு ஒரு பாறைக்குப் பின்னால் மறைகிறது. என் வீட்டுக்காரர் எங்கள் ஊருக்குப் பால் சொசைட்டியில் வேலை பார்க்க வந்தவர், பரணிதரன் என்று பேர், டவுன்காரர், துப்பாக்கியைத் திருவிழா பலூன் கடையில்தான் தொட்டிருக்கிறார், என்னைக் கட்டியபோது அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை, சந்தோசப்படவும் இல்லை. போன வருசம் வேட்டைக்கு முந்தின நாள் காட்டிலாகா ஜீப் வந்து வைக்கோல் படப்பில் ஒளித்திருந்த துப்பாக்கிகளையும் வலைகளையும் இடம் தெரிந்தாற்போல நேரே போய் எடுத்துக்கொண்டது, ஜீப் ஓட்டி வந்தவன் ரத்தினவேலு, இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன், அதற்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நின்றதை ஊரில் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள், நானும்தான் பக்கத்தில் நின்றேன், அவர்கள் பேசியதெல்லாம் ரத்தினவேலுவின் தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பற்றி, ஆனால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல, பெண்டாட்டி புருசனுக்குப் பேசாமல் வேறு யாருக்குப் பேசுவாள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அன்றிலிருந்து பால் ஊற்ற வருகிறவர்கள் இவர் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போனார்கள், சலூனில் இவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. இந்த வருசம் மாசி பிறந்ததும் அண்ணன் வாசலில் வந்து நின்று, மாப்ள இந்தத் தடவ வேட்டைக்கு வரட்டும் பாப்பா, வந்தா எல்லாம் சரியாப் போயிரும் என்றான், எது சரியாகும் என்று நான் கேட்டேன், அவன் சட்டைப்பையில் எதையோ தேடினான், ஊருக்கும் அவருக்கும்தான் என்றான்.

புது ஆளுக்கு உடுப்பும் சாமானும் பெண் கொடுத்த வீட்டு மச்சான் எடுக்க வேண்டும், அதுவும் எங்கள் கட்டு, மூன்று பேரும் டவுனுக்குப் போனோம், பஸ்ஸில் இவர் சன்னலோரம் உட்கார்ந்து கல்லூரிச் சுற்றுலா போகிறவரைப்போல என்னென்ன வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டே வந்தார். ஜவுளிக்கடையில் இவர் மஞ்சள் கோடு போட்ட ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தார், அதைப் போட்டா பன்னி சிரிச்சே செத்துரும் மாப்ள, வெடிமருந்து மிச்சம் என்று அண்ணன் சொன்னான், கடைப்பையன்கூடச் சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன் போலிருக்கிறது. வேட்டி கூடாது, முள் இழுக்கும், முழுக்கால் சட்டைதான், அதையும் கணுக்காலில் சணலால் கட்டிக்கொள்ள வேண்டும், நைலான் உரசினால் சத்தம் போடும், கெட்டிப் பருத்திதான் நல்லது, பளபளக்கும் பட்டன் ஆகாது, அறுத்துவிட்டுத் துணி முடிச்சு வைக்க வேண்டும், புதுச் செருப்பு நொறுக்நொறுக்கென்று பேசும், அதனால் இப்போதே வாங்கி ஈர மண்ணில் நடந்து பழக்க வேண்டும், சூரிக்கத்தி இடுப்பில் இடப்பக்கம், தண்ணி பாட்டிலுக்கு ஈரச்சாக்கு உறை, சாவிக்கொத்து சில்லறை எல்லாம் வீட்டில், சோப்புப் போட்டுத் துவைக்கக்கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, துணியை வேப்பிலைப் புகையில் ஒரு ராத்திரி காட்டி எடு பாப்பா, அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டினார், ஒரு குழந்தைக்கு முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு எடுப்பதுபோல அவன் அவ்வளவு கவனமாகத்தான் எடுத்தான், செருப்பை இவர் காலில் மாட்டிப் பெருவிரலை அழுத்திப் பார்த்தான், அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அதில் கெட்டது என்று என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. சட்டைக்கு மட்டும் அவன் யோசிக்கவே இல்லை, அடுக்கிலிருந்து நேராக அந்தக் காப்பி நிறத்தை உருவினான். பக்கத்திலேயே சிவப்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன, அவன் கை அதன்மேல் போய் உட்கார்ந்தது, இருந்தது, பிறகு எழுந்துவிட்டது. துண்டு எடுக்கலையா அண்ணே என்றேன். அத அங்க காட்டுக்குப் போயி நான் கட்டி விடுறேன், நீ போ என்றான். எனக்குத் தெரிந்து எந்த மாப்பிள்ளைக்கும் துண்டு காட்டுக்குப் போய்க் கட்டியதில்லை, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து வாசலிலேயே கட்டி, ஊர் பார்க்க அனுப்புவார்கள்.

பாறையைத் தாண்டிக் கம்பு மறுபடி தெரிகிறது, முன்னால் தூக்குகிறவன் அண்ணன்தான், அந்த நடை தெரியும். புது ஆளைத் துப்பாக்கியோடு மறைவில் நிறுத்தமாட்டார்கள், கலைக்கிறவர்களோடு அனுப்புவார்கள், தகரம் தட்டிக்கொண்டு புதரை அடித்துக்கொண்டு அவர்கள் பள்ளத்தில் நடப்பார்கள், எதிரே மேட்டில் துப்பாக்கிகள் காத்திருக்கும், புதர் விலகி வெளியே வருவது எதுவானாலும் துப்பாக்கிக்கு நேராகத்தான் வரும். இதையெல்லாம் நான் இவரிடம் சொன்னேன், அடுப்படியில் வைத்து, குரலைத் தாழ்த்தி, அப்பாவைப் பற்றியும் சொன்னேன், இவர் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரத்தரையில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். உங்க அண்ணன் என் கால் அளவு வரைக்கும் பாத்து வாங்குனாரு, அவரப் போயி என்றார். போகாதீங்க என்றேன். நின்றார். போகலேன்னா நான்தான் காட்டிக் கொடுத்தேன்னு ஆயிரும்ல, அப்ப மட்டும் விட்ருவாங்களா என்றார், அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவருக்கும் தெரியும், சன்னலோரம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டு வந்தபோதே தெரிந்திருந்தது.

தலைத்துண்டைப் பொம்பளை தொடக்கூடாது, சட்டையின் முதுகைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. என் சிவப்பு முகூர்த்தப் பட்டுச் சேலையை எடுத்தேன், உள்கொசுவத்தில் ஒரு பாகம் வெட்டினேன், கத்தரிக்கோல் ஓடும்போது பட்டு எழுப்பிய சத்தம் காதிலேயே நின்றது, காப்பி நிறச் சட்டையின் முதுகு முழுக்க, பிறகு நெஞ்சு முழுக்க, அந்தச் சிவப்பை வைத்துத் தைத்தேன், தையல் மெஷினில் வேண்டாம் என்று கையால் இரட்டை நூல் கோத்துத் தைத்தேன், இழுத்தாலும் வராதபடி. இது என்ன, கரகாட்டம் ஆடவா போறேன் என்றார் இவர், சொல்லிவிட்டுத் தையலின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். இன்று விடிந்து அண்ணன் கூப்பிட வந்தான், சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பன்னிக்குச் சிவப்பு தெரியாது பாப்பா என்றான். அது எனக்கும் தெரியும்ணே என்றேன். மனுசனுக்குத்தான் தெரியும். ஆமாண்ணே. அப்ப யாருக்குக் காட்ட இத்தனையும் தச்சிருக்க? பாக்குறவங்களுக்கு என்றேன். அவன் முகத்தில் கோபம் வரும் என்று இருந்தேன், வரவில்லை, ரொம்ப நாள் தூங்காதவனின் முகமாக இருந்தது, நான் ஒருத்தன் மட்டும் முடிவு பண்ற காரியமா இது என்று தரையைப் பார்த்துச் சொன்னான், பிறகு இவர் தோளில் கை வைத்து, வாங்க மாப்ள என்றான். அதன் பிறகு காலை பூராவும் மலை சும்மா கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு வெடி கேட்டது, வெகுநேரம் கழித்து இன்னொன்று, பன்றி ஒரு வெடியில் விழுந்தால் இரண்டாவது எதற்கு, ஒரு வெடியில் விழாமல்கூட இருக்கலாம், நான் கரைக்கு வந்துவிட்டேன்.

கிட்டத்தில் வருகிறார்கள், அண்ணன் முகம் தெரிகிறது, சாக்கு நனைந்து சொட்டுகிறது, அதன் ஓரத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, நான் ஓடவில்லை, இந்த முறை நான் ஓடமாட்டேன், அதுவே வரட்டும், வருகிறது, குளம்பு. பிளந்த குளம்பு, சேறு அப்பிய குளம்பு. நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன், அப்போது சாக்குக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள், அது இவருடைய சிரிப்பு, கம்பின் பின்பக்கத்தைத் தோளில் வைத்து வருகிறவரே இவர்தான், தலையில் சிவப்புத் துண்டு, அண்ணன் கட்டும் விதத்தில் இறுக்கி முடிந்தது, அதனால்தான் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை, அவர்களில் ஒருவராக இருந்தார். சட்டையில் சிவப்பு இல்லை. நெஞ்சில் என் இரட்டை நூல் மட்டும் அறுந்து அறுந்து தொங்கியது.

சுமையைக் கரையில் இறக்கினார்கள், மாப்ள நல்ல ஆளு, சும்மா சொல்லக்கூடாது, துண்டு கட்டுனதும் அவர் கையில துப்பாக்கி குடுத்தோம், ரெண்டாவது வெடி அவரோடதுதான் என்று யாரோ சொன்னார்கள், ஒரு வருசம் இவர் முகத்தைப் பார்க்காதவர்கள் இவருக்குப் பீடி நீட்டினார்கள், இவர் வாங்கிக்கொண்டார். பிறகு என்னைத் தனியே புளியமரத்துப் பக்கம் அழைத்து வந்தார், அவர்மேல் வேப்பிலைப் புகையும் வெடிமருந்து வாடையும் கலந்து அடித்தது. பட்டு ஏன் பிரிச்சீங்க என்று கேட்டேன். அவங்க பிரிக்கல, நானேதான் பிரிச்சேன், துண்டு கட்டுன பெறகு அது எதுக்கு என்றார். எதுக்குக் கட்டினாங்க, என்ன சொன்னீங்க? இவர் பீடியைப் பார்த்தார், அதை இன்னும் பற்றவைக்கவில்லை. ரத்தினவேலு எனக்கே தெரியாம என் வாயப் புடுங்கித் தெரிஞ்சுக்கிட்டான்னு சொன்னேன். அவரு தங்கச்சி கல்யாணத்தப் பத்தில பேசுனாரு, நான் பக்கத்துலதான நின்னேன் என்றேன். யாரோ ஒருத்தன் மேல பழி விழணும், அது இனி என் மேல இல்ல, அது போதும் என்றார்.

அண்ணன் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், காலையில் பார்த்த அதே தூங்காத முகம். பங்குனில ஒரு நாள் சும்மா போறோம், ரத்தினவேலுவையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க, அவனும் ரொம்ப நாளா ஆசப்பட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான், காட்டுக்கறின்னா உசிரு அவனுக்கு என்று இவர் சொல்லிக்கொண்டே போனார், குரல் அடுப்படியில் செருப்புப் பழகியபோது இருந்த குரலேதான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, செருப்பு கத்தி எல்லாம் நாமதான் எடுத்துக் குடுக்கணும், சட்டைய நீ எடுத்துரு, உன் கையால எடுத்தா அவன் சந்தேகப்படமாட்டான், என் அளவுதான் அவனுக்கும் என்றார், நிறத்தைச் சொல்லவில்லை, சாக்கைத் திரும்பிப் பார்த்தார். துண்டு? என்றேன். அத அங்க போயி நான் கட்டி விடுறேன் என்றார்.

பன்றியை அங்கேயே கரையில் கூறு போட ஆரம்பித்துவிட்டார்கள், அண்ணனும் இவரும் வெறுங்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடக்கிறார்கள், சுமை போனதும் கம்பு நிமிர்ந்துவிட்டது, ஆனாலும் இரண்டு பேரும் ஒரே கால் எடுத்து வைத்துக் கவனமாகத்தான் நடக்கிறார்கள், வெயில் என் கண்ணில் விழுகிறது, நான் நெற்றிக்குக் கையைக் கொடுக்கிறேன், அவர்களுக்கு நடுவே கம்பு மெல்ல மெல்ல வளைகிறது, டீக்கடையில் தங்கைக்கு வந்த வரனைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவனின் கனத்துக்கு வளைகிறது, தொங்குவது ஆடுகிறது, இந்த முறை எனக்குக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.