இருபத்தேழு பேர்தான் ஏறினார்கள்

முனீஸ்வரிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை வைத்திருந்த நேர்முகத் தேர்வை நாளைக் காலை ஒன்பதுக்கே மாற்றிவிட்டார்கள் சென்னை செல்போன் தொழிற்சாலைக்காரர்கள். தேனியில் அவள் வேலை பார்த்த ஆளெடுப்பு அலுவலகத்தில் பெயர் கொடுத்தவர்கள் நூற்று எண்பது பேர். எக்ஸெல் தாளில் பெயரும் மெயில் முகவரியும் மட்டும்தான்.

"ஆளு வரலேன்னா இனிமே நம்மகிட்ட கேக்க மாட்டாக. மூணு மணிக்குள்ள எல்லாருக்கும் அனுப்பிரும்மா" என்று முதலாளி கர்ணன் மதுரைக்குக் கிளம்பிப் போனார்.

தாளை மொத்தமாக மெயில் கணக்கின் தொடர்புப் பட்டியலில் ஏற்றினாள். இருபத்தேழு பேர் சேர்க்கப்பட்டதாகத் திரை சொன்னது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அதே இருபத்தேழு. தாளை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்த்தாள். நூற்று ஐம்பத்து நான்கு பேருக்கு ஒரே முகவரி! கணக்கு அத்தனை பேரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டிருந்தது.

அது மார்க்கையன்கோட்டை பிரவுசிங் சென்டரின் முகவரி. நம்பரை விசாரித்துப் போன் போட்டாள். கடைக்காரர் சுருளிவேல் அசரவே இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான். மெயில் இல்லாதவர்களுக்குத் தன்னுடையதையே போட்டு, பதில் வந்தால் அச்செடுத்துக் கொடுப்பாராம். இன்றைக்குக் கரண்ட் இல்லை, ஆறு மணிக்குத்தான் வருமாம்.

"ஆறு மணிக்கு மேல யாரண்ணே தேடுவீங்க?"

"நீ பேர வாசி ஆத்தா, எழுதிக்கிறேன். சாயங்காலம் பால் ஊத்த வீட்டுக்கு ஒரு ஆளு சொசைட்டிக்கு வருவாக. அங்கன சொல்லிப்புடுறேன். பக்கத்து ஊருகளுக்குப் பால் வண்டியில சீட்டு குடுத்து விடுறேன்."

மற்ற இருபத்தாறு பேருக்கு மெயிலைத் தட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். மொக்கைச்சாமி தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறான், பவுனு மாமியார் வீட்டில் இருக்கிறாள் என்று பெயருக்குப் பெயர் அவர் விவரம் சொல்ல, இவள் கடிகாரத்தையே பார்த்தாள்.

இரவு தூக்கமில்லை. காலையில் அலுவலகத்தில் தேர்வு நடந்த கூடம் நிறைந்துவிட்டது. கர்ணனுக்கு வாயெல்லாம் பல். முனீஸ்வரி மட்டும் பட்டியலும் பேனாவுமாக அலைந்தாள். சுருளிவேல் ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் வந்திருந்தார்கள். சொந்த மெயில் வைத்திருந்தவர்களில் நான்கே பேர். மற்றவர்கள் மெயிலைத் திறக்கவே இல்லை போலும்.

தேர்வு பதினொன்றுக்கு முடிந்துவிடும். ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"அண்ணே, இன்னும் இருபத்திரண்டு பேரு இருக்காக."

"அவுகளுக்குத்தான் சொந்த மெயிலு இருக்கே. என்கிட்ட எதுக்கு வரப் போறாக?"

"அதான்ணே கஷ்டம், யாரும் தொறந்து பாக்கல. தெரிஞ்ச ஆளு யாரும் இருக்காகளான்னு பாருங்க" என்றவள், அவர் பதிலுக்குக் காத்திராமல் முதல் பெயரை வாசித்தாள்.