கொஞ்சம் விட்டு வையுங்கள்

டாக்டர் அர்பெலாயெஸ் திரையின் அடியிலிருந்த பட்டையை விரலால் வலப்பக்கம் இழுத்தார். படத்திலிருந்த எமிலியானாவின் பற்கள் உயிர் வந்தது போல நகர்ந்து, ஒன்றையொன்று முட்டாமல் வரிசையில் நின்றன. இடம் கிடைக்காமல் ஈறின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த இடப்பக்கத் தெத்துப்பல்கூட சுழன்று இறங்கி, நல்ல பிள்ளையாக மற்றவற்றின் நடுவில் நின்றுகொண்டது.

"பத்து மாசத்துல நடக்கப்போறது இதுதான். கம்பி கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு உறை. சாப்பிடும்போது மட்டும் கழட்டணும். பத்து நாளைக்கு ஒருக்கா அடுத்ததை மாட்டணும். அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

பதினான்கு வயது எமிலியானா, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா நொஹேலியா தொண்டையைச் செருமினாள்.

"டாக்டரம்மா, அதைக் கொஞ்சம் பின்னாடி இழுங்க."

"எதுவரைக்கும்?"

"முதல் வரைக்கும்."

டாக்டர் பட்டையை இடப்பக்கம் இழுத்தார். பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு பழைய இடங்களுக்குத் திரும்பின. கடைசியாக அந்தத் தெத்துப்பல் மேலே ஏறியது. உதடில்லை, மீசையில்லை, கண்ணில்லை, ஆனாலும் திரையில் அவள் புருஷன் ஒவிதியோ வந்து நின்றுவிட்டான். நொஹேலியா கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மெதெயின் நகரின் மையத்தில் கடைத்தெரு ஆட்களுக்கு ஒவிதியோவைத் தெரியாவிட்டாலும் அவன் பல்லைத் தெரியும். காலுறை விற்றான். பேரம் படியாமல் ஆள் நகர்ந்தால் மற்றவர்கள் விலையைக் குறைப்பார்கள், அவன் சிரிப்பான். மேலுதட்டின் இடது மூலை தூக்கிக்கொள்ளும், அந்தப் பல் எட்டிப் பார்க்கும், போனவள் திரும்பி வந்து ஒன்றுக்கு மூன்றாக வாங்கிக்கொண்டு போவாள். நொஹேலியாவும் அப்படித் திரும்பி வந்தவள்தான். அப்போது அவள் எதிர் வரிசையில் சீப்பும் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்தாள். காலுறை வாங்க வந்து, விலையைப் பாதியாகக் கேட்டு, அவன் சிரித்ததும் சொன்ன விலையைக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் முழு விலை கொடுத்து வாங்கிய சரக்கு அது ஒன்றுதான் என்று பின்னால் அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். டிசம்பர் மாதங்களில், கூட்டம் தோளோடு தோள் உரசிப் போகும் மாலைகளில், அவன் பெட்டிமேல் ஏறி நின்று கூவுவான். மஞ்சள் விளக்கில் முதலில் தெரிவது அந்தப் பல்தான். இருதயம் நின்றுபோன அன்றைக்குக்கூட காலையில் யாரையோ சிரித்தே கவிழ்த்திருந்தான்.

"இதுக்கு இடமில்ல, அதனாலதான் மேல ஏறி நிக்குது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "இடம் பண்ணணும். சில பிள்ளைங்களுக்கு நல்ல பல்லையே நாலு பிடுங்க வேண்டியிருக்கும்."

"பிடுங்குற பல்லுக்குக் கழிவு உண்டா?" என்றாள் நொஹேலியா.

டாக்டர் சிரித்தார். கடைத்தெருவுக்கு மேல்மாடியில் மருத்துவமனை வைத்திருப்பவருக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. "இவளுக்குப் பிடுங்க வேண்டாம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ராவினா போதும். எல்லாப் பல்லும் ஒரு இம்மி விட்டுக்கொடுத்தா இதுக்கு இடம் வந்துடும்."

நொஹேலியாவுக்கு இது நன்றாகவே விளங்கியது. ஒவிதியோவுக்குக் கடை கிடைத்ததே அப்படித்தான். சாந்தா ரோசா என்ற ஊரிலிருந்து ஒற்றைப் பையோடு அவன் வந்தபோது அந்த நடைபாதைச் சந்தில் ஊசி குத்த இடமில்லை. குடை விற்கும் அர்ஹெமிரோ முதலில் தன் மேசையை ஒரு சாண் தள்ளினார். அவரைப் பார்த்து பெல்ட்காரர் தள்ளினார், பொம்மைக்காரி முனகிக்கொண்டே தள்ளினாள். சந்து முழுக்க ஆளுக்கொரு சாண் நகர்ந்ததும் கடைசியில் ஒரு கடை அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் இன்றும் நொஹேலியா உட்கார்ந்து காலுறை விற்கிறாள்.

மறுநாள் மதியச் சோற்று நேரத்தில் கடையை அர்ஹெமிரோவிடம் விட்டுவிட்டு, மகளுக்குச் சொல்லாமல் அவள் மறுபடி மாடியேறினாள்.

"டாக்டரம்மா, எல்லாத்தையும் நேராக்குங்க. நான் குறுக்க நிக்கல. அந்த ஒத்தப் பல்லை மட்டும் கொஞ்சம் விட்டு வையுங்க."

"விட்டு வைக்கிறதுன்னா?"

"முக்கால்வாசி இறக்குங்க. கால்வாசி இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? உங்களுக்கும் வேலை மிச்சம்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பல்லைப் பாதியில் நிறுத்தச் சொல்லிப் பேரம் பேச யாரும் அவரிடம் வந்ததில்லை. "எங்க வேணாலும் நிறுத்தலாம்மா. ஆனா வாய் அவளோடது. ரெண்டு விதமாவும் படம் போட்டு அவ போனுக்கு அனுப்புறேன். அவ எதைச் சொல்றாளோ அதைச் செய்யறேன்."

பரவாயில்லை, படிந்த மட்டும் லாபம் என்று நொஹேலியா இறங்கி வந்தாள். சாயங்காலம் வீட்டில் அரெப்பாவுக்குச் சோளமாவு தட்டிச் சுடும்போது மெதுவாகப் பேச்செடுத்து, சரக்கைக் கண்ணில் காட்டும் முன்பே ஆளின் மனசைத் தயார் பண்ணிவிடலாம். இப்படித்தான் அவள் இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறாள். டாக்டரின் போன் அவளைவிட வேகமாக வியாபாரம் செய்யும் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. அர்ஹெமிரோ வழக்கம்போல முதல் இடிக்கே குடை விலையை ஏற்றினார். பள்ளிச் சீருடை நனைந்து ஒட்டியபடி எமிலியானா சந்துக்குள் ஓடி வந்தாள்.

"வந்துட்டா எங்க சின்ன முதலாளி" என்றார் அர்ஹெமிரோ. "எங்கே, ஒரு தடவ சிரி கண்ணு. காலையிலேர்ந்து மூஞ்சி மூஞ்சியா பாத்துப் புளிச்சுப்போச்சு."

அவள் உதடு பிரியாமல் சிரித்தாள்.

"இது கஞ்சச் சிரிப்பு. உங்கப்பன் சிரிப்பைக் காட்டு."

எமிலியானா அவரைத் தாண்டி, தொங்கும் நீளக் காலுறைகளை விலக்கிக்கொண்டு கடையின் உட்புறம் வந்து, போனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ரெண்டாவது படத்தை யாரு கேட்டது?"

"எது?"

"பல்லு பாதி வழியில நிக்குதே, அது."

"அழகாத்தானே இருக்கு."

"யாருக்கு?"

நொஹேலியா காலுறை மடிக்கத் தொடங்கினாள். "ஊரைக் கூட்டிக் கொண்டாடுற பதினஞ்சாவது பிறந்தநாள் போட்டோவுக்குத்தானே இந்த அவசரம்? ஒரு நாள் போட்டோவுக்காக..."

"போட்டோன்னு நீதான் ஊரெல்லாம் சொன்ன. நான் சொல்லல."

"பின்ன எதுக்கு?"

எமிலியானா போனை இறக்கினாள். தகரக் கூரையில் மழை கொட்டியது.

"நான் சிரிச்சா எல்லாரும் அழுறாங்கம்மா" என்றாள். "குடைக்கார மாமா சிரின்னு கேப்பாரு. சிரிச்சா கண்ணைத் தொடைப்பாரு. காப்பி விக்கிற அம்மா சிலுவை போட்டுக்கும். பொம்மைக்காரம்மா 'அப்படியே அவன்'னு மூக்கை உறிஞ்சும். நீ என் கண்ணைப் பாத்துப் பேசி எவ்வளவு நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா? இங்க பாத்துதான் பேசற." மேலுதட்டைத் தொட்டுக் காட்டினாள். "அப்பா எனக்கும்தான் செத்துப்போனாரு. கடையில வச்சுக்கோ, சுவத்துல வச்சுக்கோ. என் வாய்ல எதுக்கு?"

சந்திலேயே வாய்க்குப் பேர்போனவள் நொஹேலியா. காசு குறைத்துக் கேட்பவனுக்கு ஒரு பதில், கேட்காமல் போகிறவனுக்கு ஒரு பதில், நகராட்சிக்காரனுக்கு இரண்டு பதில் வைத்திருப்பவள். இப்போது, மடித்த காலுறையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தி குடையை உதறிக்கொண்டே வந்து ஒரு ஜோடியை எடுத்து விலை கேட்டாள். நொஹேலியா யோசிக்காமல் அடிவிலையைச் சொல்லிவிட்டாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தப் பெண் சந்தேகத்தோடு சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதிலோ ஓட்டை இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பல்லை ராவும் நாளன்று நொஹேலியா நாற்காலியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"முதல் படம்தானே? முழுசா இறக்கிடலாமா?" என்று டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அவளைக் கேளுங்க."

எமிலியானா, வாயைத் திறந்தபடியே, தலையை ஆட்டினாள். டாக்டர் நாடா போன்ற மெல்லிய அரத்தை இரண்டு பற்களுக்கு நடுவே செலுத்தி முன்னும் பின்னும் இழுத்தார். அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தில் எழுவது போல ஒரு சன்னமான சத்தம். பற்களின் ஓரத்தில் மாவு போல வெள்ளைத் தூசி படிந்தது. டாக்டர் அதைப் பஞ்சில் துடைத்துத் தொட்டியில் போட்டார். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று நொஹேலியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எதை வாங்கினாலும் கொசுறு கேட்பது பிறவிக் குணம். கேட்காமல் மகளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கைக்குள் சில்லென்றிருந்தது.

முதல் உறையை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் வந்தார்கள். எமிலியானாவுக்கு நாக்கு புரளவில்லை. வாய் நிறைய எச்சில்.

"பேசு பாப்போம்" என்றார் அர்ஹெமிரோ.

"என்ன பேஷணும்?"

"கேட்டீங்களா, உள்ளுக்குள்ள கண்ணாடிக் கடை போட்டுட்டா. கூவு, கூவு. வியாபாரம் பண்ணு."

எமிலியானா அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பெட்டிமேல் ஏறி நின்றாள். "ஷாக்ஷ், ஷாக்ஷ்! மூணு ஷோடி வாங்கினா ஒரு ஷோடி..." முடிக்க முடியவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கை வாய்க்குப் போகவில்லை. விழாமலிருக்கக் கம்பியைப் பிடித்திருந்தது. பொம்மைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெல்ட்காரர் "எனக்கு ஒரு ஷோடி" என்றார். மழைக்கு ஒதுங்கியிருந்த யாரோ இரண்டு பேர் நிஜமாகவே வாங்க வந்தார்கள்.

அர்ஹெமிரோ சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார்.

"குடையை விரியுங்க அண்ணே" என்றாள் நொஹேலியா. "ஆள் வருது."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். கைக்குட்டையை விட்டுவிட்டுக் குடையை எடுத்தார்.

அந்தப் பல் இன்னும் நகரவில்லை என்பது நொஹேலியாவுக்குத் தெரியும். இன்றைக்கு அது அங்கேயேதான், மெல்லிய உறைக்கு அடியில், ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும். நாளைக்கும் ஓரளவு இருக்கும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், ஆசை தீரப் பார்த்துவிடலாம். அவள் மகளின் கண்களைப் பார்த்தாள். சிரிப்பில் நனைந்திருந்தன. ஒவிதியோவின் கண் இப்படி இல்லை, தன் கண்ணும் இல்லை. யாருடையவை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இடது கண்ணின் பழுப்பில் மணல் அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. அதன் பக்கத்தில், ரொம்பச் சிறியதாக, அர்ஹெமிரோவின் சிவப்புக் குடை பிம்பமாக விரிந்துகொண்டிருந்தது.