குளத்தின் இரண்டாவது சுவர்

கல்லூரி நீச்சல்குளத்துக்கு ஐம்பது வயதாகிறது, விழா மலர் போடுகிறோம், குளத்தின் வரலாற்றை அலுவலகத்தில் யாராவது எழுத வேண்டும் என்று முதல்வர் சொன்னதும் எல்லோரும் குனிந்து தத்தம் மேசையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் தேடத் தாமதித்துவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். நீந்தத் தெரிந்தவர்கள் நீச்சலைப் பற்றித்தான் எழுதுவார்கள், தெரியாதவர்தான் குளத்தைப் பற்றி எழுதுவார் என்றார். பதில் சொல்ல முடியாதபடி பேசுவதற்காகத்தான் அவரை முதல்வராக்கியிருக்கிறார்கள்.

அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. குளத்துச் சாதனைப் பலகையின் முதல் வரியில் இருப்பது என் அக்காவின் பெயர். பெண்கள், நூறு மீட்டர், ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. முப்பத்திரண்டு வருடமாக அதை யாரும் அசைக்கவில்லை. விழாவில் மாலை அவளுக்குத்தான்.

எங்கள் வீட்டில் அது சாதனை இல்லை, அளவுகோல். "அவ ஒரு நிமிஷம் பன்னெண்டு செகண்டுல குளத்தை நாலு தடவை தாண்டிடறா. உனக்கு ஒரு வாளித் தண்ணியைத் தாண்ட முக்கால் மணி நேரம்" என்று அம்மா குளியலறைக் கதவைத் தட்டுவாள். அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இன்றும் சோப்புப் போடும்போது எனக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது.

பழைய கோப்புகளைப் புரட்டினேன். முதல் வருடம் குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. இரண்டாம் வருடம் தண்ணீர் வந்தது, பயிற்சியாளர் இல்லை. மூன்றாம் வருடம் பயிற்சியாளர் வந்தார், வந்த நாளிலிருந்து அவருக்கு ஜலதோஷம். இப்படியே போனால் சிரிப்பு மலராகிவிடுமே என்று, குளத்து மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பம்ப் அண்ணனிடம் போனேன். அவர் இங்கே சேர்ந்து முப்பத்துமூன்று வருடம் ஆகிறது. நீளம் இருபத்தைந்து மீட்டர் என்று வரைபடத்தைப் பார்த்து வாசித்தேன்.

"அது பழைய சுவருக்கும்மா," என்றார். "அந்தக் கடைசிச் சுவரு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. எதை அடைச்சும் நிக்கல. நான் சேர்ந்த வருசம் அதுக்கு முன்னாடி இன்னொரு சுவரைக் கட்டி, நடுவுல மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க."

கட்டடத் துறையில் அளவு நாடா இரவல் வாங்கினேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு நான் குளத்து ஓரமாக நடந்தேன். மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் இருபத்துநான்கு மீட்டர், முப்பத்தைந்து சென்டிமீட்டர்.

அக்கா கல்லூரியில் சேர்ந்தது அந்தச் சுவர் எழுந்த பிறகு. அவள் முறியடித்த சாதனை அதற்கு முந்தையது, ஒரு நிமிடம் பதின்மூன்று விநாடி. அந்தப் பெண்ணின் பெயர் பலகையில் அக்கா பெயருக்கு அடியில் வெள்ளைப் பூச்சுக்குள் மறைந்துவிட்டது. பழைய பதிவேட்டில் இருந்தது. அவள் முழு நூறு மீட்டர் நீந்தியிருக்கிறாள். அக்கா நீந்தியது தொண்ணூற்றேழரைக்கும் சற்றுக் குறைவு. தாளில் கணக்குப் போட்டேன். முழுக் குளத்தில் அக்கா ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்குகிறாள்.

அப்போது எனக்குள் எழுந்ததற்கு வரலாற்று ஆர்வம் என்று பெயர் வைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது. அன்றைக்கு நான் குளித்த குளியல் ஒரு மணி நேரம். கடிகாரம் ஓடவே இல்லை. துண்டால் தலை துவட்டும்போதுதான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, பக்கத்து இலைக்காரியின் லட்டு பறிபோனதைப் பார்த்த குழந்தை மாதிரி இளித்துக்கொண்டிருந்தாள்.

அச்சுக்குப் போகுமுன் அக்காவிடம் காட்டுவதுதான் நியாயம் என்று முடிவு செய்தேன். நியாயம் கால் பங்கு. மீதி, அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். நான் போனபோது ஒரு சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"அறுபத்தஞ்சு சென்டிதானா குறையுது?" என்றாள். "நான் எழுபது எழுபத்தஞ்சு இருக்கும்னு நெனச்சேன்."

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

திருகாணியை விடாமல் முடுக்கியபடியே சொன்னாள். அந்தக் காலத்தில் நீச்சல் கண்ணாடி ஏது, கண்ணை மூடிக்கொண்டுதான் நீந்துவாளாம். சுவர் எப்போது வரும் என்பதைக் கைகளை எண்ணித்தான் தெரிந்துகொள்வாள். பத்தொன்பது கை வீசி, இருபதாவதில் தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்தால் பாதம் சரியாகச் சுவரில் பதியும். உதைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சாதனை முடிந்த மறு மாதம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு வெளியூர் போனாள். பத்தொன்பது எண்ணினாள். கரணம் அடித்தாள். உதைத்தாள்.

"அங்க சுவரே இல்லடி. வெறும் தண்ணி. எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னே தெரியல. ஒருவழியா தலையைத் தூக்கிப் பாத்தா, சுவரு ஒரு கை தள்ளி நின்னுக்கிட்டிருக்கு. மேல உக்காந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரிக்குது."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். காதுக்குள் தண்ணீர் போய்விட்டது, இனி நீந்தக் கூடாதாம் என்றாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான்தான். பிறகு அவள் குளத்தில் இறங்கவில்லை. இத்தனை வருடமும் அதை வெற்றி பெற்றவளின் திமிர் என்று நினைத்திருந்தேன்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, பாவம், உன்னை எதைச் சொல்லி பாத்ரூம்லேர்ந்து கிளப்புவாங்க?" என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "சொல்ல வாய் வரலடி. ஒவ்வொரு தடவை அம்மா உன் கதவைத் தட்டுறப்பவும் எனக்குத்தான் சுருக்குன்னு இருக்கும்."

இரண்டு பேரும் ஒரே கதவின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். அது தெரியாமல் நான் உள்ளே சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். இதை எழுத வேண்டாம், குளம் இருபத்தைந்து மீட்டராகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அக்கா சட்டத்தைக் கீழே வைத்தாள்.

"நட்டம் அடியில இருக்கிறவளுக்கு," என்றாள். "அவ முழுசா நீந்தினவ. பேரு மேல சுண்ணாம்பு அடிச்சிட்டு, அது மேல நான் உக்காந்திருக்கேன். எழுது. நான் வெறும் தண்ணியை உதைச்சதையும் சேத்து எழுது. மத்தவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நாமளே சிரிச்சிரலாம்."

எழுதினேன். முதல்வர் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அவரைப் பேச்சிழக்க வைத்தவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு வாரம் மரியாதை இருந்தது. பலகையை அழித்துப் புதிதாக எழுதினார்கள். முதல் வரியில் பழைய பெயர், இரண்டாவது வரியில் அக்கா. ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்போதைய குளத்தின் நீளம்.

விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் அக்காவைக் காணோம். தேடிப் போனால், குளத்தின் கடைசியில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். குதிகாலால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடனுக்கு வாங்கிய பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல.

"இருக்கா?" என்றேன்.

"இங்கதான் இருக்கு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நனைத்தேன். ஐம்பது வருடக் குளத்தில் என் கால் படுவது அதுதான் முதல் தடவை. தண்ணீர் சில்லென்றிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. கடைசியில் அக்காதான் என் தோளை இடித்தாள்.

"எழுந்திரு, முக்கால் மணி நேரம் ஆச்சு."